கறைக்குப் போட்ட உப்பு

அழைப்பு வந்ததும் நான் முதலில் செய்கிற வேலை கேமராவைத் திருப்புவது. பச்சைப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே போனை மீன் தொட்டிக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் பிடித்துக்கொள்வேன். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் மகள் தெரிவாள். அவள் வாய்க்கு நேரே ஒரு கையும் ஒரு ஸ்பூனும் தெரியும். கைக்குச் சொந்தக்காரர் தெரிய மாட்டார். தன் முகம் படத்துக்குள் வந்துவிடாதபடி அவரும் பார்த்துக்கொள்வார். சாயங்காலம் நான் ஆஸ்பத்திரியிலும் அவர் வீட்டிலும் இருக்கும்போது இதே கூத்து இடம் மாறி நடக்கும். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு நாளைக்கு மூன்று வேளை வீடியோ காலில் இருக்கிறார்கள் என்றால் கொஞ்சிக் குலாவுகிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நாங்கள் மீனைக் காட்டிக்கொண்டிருந்தோம்.

மகளைச் சிட்டு என்று கூப்பிடுவோம். சின்ன வயதில் யார் தட்டில் என்ன இருந்தாலும் ஓடிவந்து கொத்திக்கொண்டு போவாள். அதனால் வந்த பேர். அந்தப் பிள்ளைதான் இப்போது ஒரு வாய்ச் சோற்றுக்கு அரை மணி நேரம் மூக்கால் அழுதுகொண்டிருந்தது.

தொண்டை வலி என்றாள், காய்ச்சல் வந்தது, போனது. அப்புறம் முட்டி வலி. இன்றைக்கு வலது முட்டி என்றால் நாளைக்கு இடது முட்டி. அப்போதே டாக்டரிடம் காட்டலாம் என்றேன். "வளர்ற வயசு, கால் வலிக்கத்தான் செய்யும்" என்றார் அவர். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவருக்கு எல்லாமே ஒரு சொட்டு கிரீஸ் விட்டால் சரியாகிவிடும். அந்தக் காய்ச்சல் உள்ளே போய் இதயத்தின் வால்வை அரித்து வைத்திருக்கிறது என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். வெளியே வந்ததும் ஆஸ்பத்திரி நடையில், அவர் அண்ணனும் அண்ணியும் பார்த்துக்கொண்டிருக்க, "எம்புள்ளையத் தின்னத்தானே நீங்க பொறந்தீங்க" என்று கத்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எதுவுமே சொல்லவில்லை. நானும் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்கிற மாதிரி முகம் கொடுத்தால்தானே?

எங்கள் கோபத்துக்கு ஆஸ்பத்திரியின் சட்டமும் ஒத்துழைத்தது. ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு பாஸ், ஒரே ஒரு ஆள். அவருக்கு இரவு டியூட்டி, அதனால் பகலெல்லாம் அவர் அங்கே இருப்பார். நான் வீட்டில் உட்கார்ந்து கடைக்குத் திரைச்சீலை தைத்துக்கொடுப்பேன். சாயங்காலம் நான் போவேன். அவர் கிளம்பும்போது பாஸை வாசல் செக்யூரிட்டி அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போவார், நான் வாங்கிக்கொள்வேன். காலையில் நான் கொடுத்துவிட்டுப் போவேன். "ரெண்டு பேரும் கண்ணாமூச்சி ஆடுறீங்களா?" என்று அந்த அண்ணன் ஒரு நாள் கேட்டார். நான் முறைத்த முறைப்பில் அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

மீன் சிட்டுவுடையது. வெள்ளை உடம்பு முழுக்கக் கறுப்புக் கறுப்பாகத் திட்டு. கடையில் அதைப் புள்ளி மோலி என்பார்கள். அவள் வைத்த பேர் கறை. பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையில் பேனா மையைக் கொட்டிக்கொண்டு வருவாள், நான் தேய்த்துத் தேய்த்துத் துவைத்துக்கொண்டே வைவேன். "அம்மா, இதுக்கும் பாரு, யாரோ மையக் கொட்டிட்டாங்க. நல்லவேளை இதோட அம்மா இதைத் திட்டல" என்று சொல்லி, அந்தப் பேரையே வைத்துவிட்டாள். எனக்கு அந்தத் தொட்டியே பிடிக்காது. கூடத்தில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு, நாற்றம் வேறு. நான் புலம்புவதை வீடே கேட்டிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு உப்பில்லாச் சாப்பாடு. உப்பு சேர்ந்தால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், இதயம் தாங்காது என்றார்கள். குழைந்த சோறு, வெந்த காய், ஒரு முட்டை, எதிலும் ஒரு கல் உப்பு கிடையாது. நான் ஒரு தடவை வாயில் வைத்துப் பார்த்தேன். பசையைத் தின்பது போல இருந்தது. பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் டாக்டர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்: இந்த எடையில் கத்தி வைக்க முடியாது, கொஞ்சமாவது சதை போட்டால்தான் ஆபரேஷனைத் தாங்குவாள். ஒரு பக்கம் வால்வு நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டு வருகிறது. இன்னொரு பக்கம் பிள்ளை வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது.

கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன், கதை சொன்னேன், பக்கத்துக் கட்டில் பிள்ளையைக் காட்டினேன். எதற்கும் மசியவில்லை. கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "கறையக் காட்டுனா சாப்பிடுறேன். வீட்ல இருக்குறவங்க போன்ல காட்டணும். இங்க இருக்குறவங்க ஊட்டணும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. நிஜமாகவே சாப்பிட்டாள். கறை கண்ணாடியோரம் வந்து திரும்பினால் ஒரு வாய். பாசிக்குள் போய் ஒளிந்துகொண்டு வெளியே வந்தால் ஒரு வாய். பழைய வீடியோவைப் போட்டு ஏமாற்ற நினைத்தேன். பார்த்த மாத்திரத்தில், "இது முந்தாநேத்து. அந்த மஞ்ச இலைய நீதானே நேத்து எடுத்துப் போட்ட?" என்றாள். போலீஸ் வேலைக்குப் போகவேண்டிய பிள்ளை.

அதற்குள் கறைக்கு வயிறு பெருக்க ஆரம்பித்தது. முட்டை போடுகிற ஜாதியில்லை அது, குட்டி போடும். ஜோடி மீன் எப்போதோ செத்துப்போய்விட்டது, அதற்குப் பிறகும் பல மாதத்துக்குக் குட்டி போட்டுக்கொண்டே இருக்குமாம். புருஷன் தயவில்லாமல் பெற்றுக்கொள்கிற ஜாதி என்று கேட்டதும் எனக்கு அதன்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. சிட்டு அதனோடு பந்தயம் கட்டினாள். "யாருக்கு மொதல்ல தொப்பை வருதுன்னு பாப்போம். அதுக்கா, எனக்கா?" கறையின் வயிறு தினமும் உருண்டுகொண்டு வந்தது. இவளுக்கும் கன்னத்தில் ஒரு துளி சதை வந்தது. எடை மெஷினில் முள் கொஞ்சம் நகர்ந்தது என்று சிஸ்டர் சொன்னபோது ஆஸ்பத்திரிப் பாத்ரூமில் போய் அழுதேன். டாக்டரும் மனம் இளகி, அடுத்த எடை பார்க்கிற நாளில் சரியாக இருந்தால் ஆபரேஷனுக்கு எழுதிவிடலாம், இல்லாவிட்டால் அந்த இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு இவளை இன்னும் தள்ளிப்போட வேண்டும் என்றார். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்போதுதான் கறை ஆட ஆரம்பித்தது.

நீந்தவில்லை, ஓரிடத்திலேயே நின்றுகொண்டு உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டியது. குளிர் ஜுரத்தில் நடுங்குகிற பிள்ளையைப் போல. துடுப்பெல்லாம் மடங்கி உடம்போடு ஒட்டிக்கிடந்தது. தண்ணீரும் கலங்கலாக இருந்தது. மோட்டார் ஓடுகிற பக்கமாகப் போனைப் பிடித்தேன். நீர்க்குமிழி ஓட்டத்தில் அது ஆடுவது அவ்வளவாகத் தெரியாது என்று ஒரு கணக்கு. "ஏம்மா அது ஒரே எடத்துல நிக்குது?" என்றாள். "வயித்துப் புள்ளைக்காரி ஓடியாடுவாளா? நீ வாயத் திற" என்றேன். சொல்லிக்கொண்டே போனையும் லேசாக ஆட்டிவிட்டேன்.

அழைப்பு முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை மீன்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் நிதானமான மனுஷர். நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு மீனை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"தண்ணி கெட்டிருக்கும் அக்கா. தீனி நெறைய போடுறீங்களா?"

"காலையில ஒரு சிட்டிகை. அவ சொல்லிட்டுப் போன அளவுதான்."

"வீட்ல வேற யாராச்சும் போடுறாங்களா?"

"வேற யாரு போடுவா? நான் மட்டும்தான்."

அதைச் சொல்லும்போது எனக்குச் சந்தேகமே இல்லை. குடித்த டம்ளரைக் கழுவி வைக்கத் தெரியாத மனுஷர் மீனுக்குத் தீனி போடுவாரா? அப்படி ஒரு எண்ணமே மனதில் எட்டிப் பார்க்கவில்லை.

"சரி, கல்லுப்பு போடுங்க. இந்த ஜாதி உப்புத் தண்ணி கேக்கும். உங்க தொட்டிக்கு ரெண்டு ஸ்பூன், கரைச்சு ஊத்துங்க. அப்புறம் ஒரு வாரத்துக்குத் தொடாதீங்க."

போகிற போக்கில், இதே மாதிரி இன்னொரு மீன் இருக்குமா என்றும் கேட்டு வைத்தேன். ஒரு தொட்டி நிறைய இருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். கறைக்கு இடது கண்ணுக்குக் கீழே ஒரு திட்டு, முதுகில் இரண்டு திட்டு ஒட்டிக்கொண்டு நிற்கும், வாலடியில் சிதறல். அந்தக் கூட்டத்தில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. கைரேகை மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதம். சிட்டுவுக்கு அந்தத் திட்டெல்லாம் மனப்பாடம். வெறுங்கையோடு திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து உப்பைக் கரைத்து ஊற்றினேன். ஊற்றும்போது என் மகள் தட்டு ஞாபகம் வந்தது. அவளுக்கு இல்லை என்று எடுத்து வைத்த உப்பு டப்பாவிலிருந்துதான் கறைக்குப் போட்டேன். "பொழைச்சிடு தாயி" என்று மீனிடம் வாய்விட்டுச் சொன்னேன். அதுவரை அதை நான் ‘ஏய்’ என்றுகூடக் கூப்பிட்டதில்லை.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்க்கிறேன், இன்னும் மோசம். தலை கீழாகவும் வால் மேலாகவும் மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் மட்டத்தில் வெள்ளையாக ஒரு கோடு. பாசியின் நுனியெல்லாம் பழுப்படித்து உருகிக்கொண்டிருந்தது. அடியில் ஊறிப்போன தீனி சேறு போலப் படிந்திருந்தது. நான் போடுகிற ஒரு சிட்டிகைக்கு இவ்வளவு எங்கிருந்து வந்தது என்று ஒரு கணம் தோன்றியது. யோசிக்க விடாமல் கோபம் முந்திக்கொண்டது. கடைக்காரரைக் கிழித்துத் தொங்கவிடுவது என்று கிளம்பினேன். மறுநாள்தான் எடை பார்க்கிற நாள்.

"உங்க உப்பப் போட்டதுக்கு அப்புறம்தான் இப்படிக் கெடக்கு. வியாபாரம் பண்றீங்களா, கொலை பண்றீங்களா?"

அவர் வலையைக் கீழே வைத்தார். "ரெண்டு ஸ்பூனுக்கு இந்த மீனு ஒண்ணும் ஆகாது அக்கா. கடல் தண்ணியிலயே கெடக்குற ஜாதி. மொள்ள மொள்ளப் பழக்குனா போதும். ஒரேயடியா ஏத்துனாத்தான் தாங்காது. எவ்வளவு போட்டீங்க?"

"நீங்க சொன்ன ரெண்டுதான்."

"ஒருத்தரு அப்படித்தான், நீங்க வந்ததுக்கு முந்துன நாள் வந்தாரு. அதே மீனு, அதே ஆட்டம். அவருக்கும் இதத்தான் சொன்னேன். மறுபடி நேத்து ராத்திரி கடை மூடுற நேரத்துக்கு வந்து, இன்னும் ஆடுது, இன்னொரு ரெண்டு ஸ்பூன் போடட்டுமான்னு கேட்டாரு. பாவம், அவரு பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்காம். அந்த மீனப் பாத்தாத்தான் சாப்பிடுமாம். சரி போடுங்கன்னேன்."

நான் மெதுவாகக் கேட்டேன்.

"அவரு கையில..."

"கிரீஸு. கழுவியும் போகாத கிரீஸு. கண்ணாடிய அழுக்காக்கிடுவேன்னு கையப் பின்னால கட்டிக்கிட்டே பேசினாரு." அவர் என்னைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தார். "தினமும் ராத்திரி ஒரு சிட்டிகை தீனி போடுறேன்னாரு. அவங்க வீட்டம்மாவுக்கு மீனே புடிக்காதாம், அவங்க எங்க போடப் போறாங்கன்னு இவரே போடுறாராம்."

நான் அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, ரெண்டு பேரும் ஒரே மீனுக்கா கேட்டீங்க? வீட்ல பேசிக்கவே மாட்டீங்களா?"

வேறு யார் கேட்டிருந்தாலும் பிடிபிடியென்று பிடித்திருப்பேன். அப்போது மனதில் கணக்குத்தான் ஓடியது. கறைக்குக் காலையில் ஒரு சோறு, ராத்திரி ஒரு சோறு. என் உப்பு, அவர் உப்பு, அதற்கு மேல் இன்னொரு முறை அவர் உப்பு. ஒரு மீனுக்கு இரண்டு வீட்டுச் சமையல் நடந்திருக்கிறது. அந்தப் பக்கம் பெற்ற பிள்ளை ஒரு வாய்க்கு ஏங்க வைக்கிறது, இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேருமாக ஒரு மீனை ஊட்டி ஊட்டிக் கொன்றுகொண்டிருக்கிறோம்.

"அப்ப அந்த வயிறு?" என்று கேட்டேன்.

"குட்டியா, தீனியான்னு பாத்தாத்தான் தெரியும்" என்றார். "இப்பப் போயி ஒரு கப்பு தண்ணி எடுங்க, ஒரு கப்பு நல்ல தண்ணி ஊத்துங்க. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி. அவசரப்பட்டு மொத்தமா மாத்துனீங்க, அதோட முடிஞ்சது."

வழியெல்லாம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். அவர் பேரை எடுத்து எடுத்துப் பார்த்தேன். கூப்பிட்டு என்னவென்று ஆரம்பிப்பது? "நீங்களும் தீனி போட்டீங்களா" என்று கேட்க ஒரு நிமிஷம் ஆகாது. எத்தனையோ மாதமாக அந்த ஒரு நிமிஷத்தைத்தான் நாங்கள் இரண்டு பேரும் மென்று முழுங்கிக்கொண்டிருந்தோம். கடைசியில் கூப்பிடவில்லை. அவர் முதலில் கூப்பிடட்டும் என்று அப்போதும் ஒரு பாழாய்ப்போன வீம்பு உள்ளே உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தைக்க வைத்திருந்த துணியையெல்லாம் தள்ளிவிட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒரு கப் எடுத்தேன், ஒரு கப் ஊற்றினேன். காத்திருந்தேன். காத்திருப்பது எனக்குத் தெரியாத வேலை. கறை மூலையிலிருந்து நழுவி இறங்கியது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. செவுள் வேகமாக அடித்துக்கொண்டது, நின்றது, மறுபடி ஒரு தடவை அடித்தது. "இரு, இரு, இந்தா தண்ணி வருது" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கப் ஊற்றினேன். அந்தத் தண்ணீர் போன வேகத்தில் அது ஒரு சுற்றுச் சுற்றியது. பிழைத்துவிட்டதென்று நினைத்தேன். தண்ணீர் நின்றதும் அதுவும் நின்றுவிட்டது.

இடது கையை உள்ளே விட்டு எடுத்தேன். உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. கண்ணுக்குக் கீழே திட்டு, முதுகில் இரண்டு. வயிறு மட்டும் அப்படியே உருண்டையாக இருந்தது. குட்டியா, தீனியா, அமுக்கிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

பின்னால் தையல் மேசைமேல் போன் அடித்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

எடுக்காமல் விடலாம். விட்டால் மத்தியானம் சாப்பிட மாட்டாள். ராத்திரியும் சாப்பிட மாட்டாள். விடிந்தால் எடை. எடுத்தால் எதைக் காட்டுவது? காலித் தொட்டியையா? அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஈரக் கையோடு போனைத் தடவினேன். கேமராவைத் திருப்ப வேண்டும் என்ற நினைப்பே இல்லை. இடது கையை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டேன்.

திரையில் என் முகம் ஓர் ஓரத்தில், சிட்டு பெரிதாக. பின்னால் ஸ்பூனோடு அவர் கை.

"அம்மா! உன்னைய எதுக்குக் காட்டுற? கறை எங்க?"

நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. படத்தில் இல்லாத ஆளைப் பார்த்துக் கேட்டேன்.

"உப்பு போட்டீங்களா?"

ஸ்பூன் அந்தரத்தில் நின்றது.

"உங்களத்தான். தொட்டியில உப்பு போட்டீங்களா?"

பிறகு படம் ஆடியது, அவர் போனைத் திருப்பிப் பிடித்தார். சிட்டுவுக்குப் பக்கத்தில் அவர் முகமும் தெரிந்தது. தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, யார் வீட்டு ஆளோ போல இருந்தார்.

"போட்டேன்" என்றார். குரல் கரகரத்தது. "ஆடுச்சு. அதான்."

"நானும் போட்டேன்."

"நீயா? நீ எதுக்குப் போட்ட? உனக்குத்தான் அந்தத் தொட்டியே ஆகாதே."

"உங்களுக்குத் தீனி போடத் தெரியும்னு எனக்கு யாரு சொன்னா? வீட்ல இத்தன வருஷத்துல ஒரு செடிக்குத் தண்ணி ஊத்தியிருப்பீங்களா?"

"தினமும் ராத்திரி போடுறேன். புள்ள போட்டுக்கிட்டிருந்த நேரத்துக்கு."

"காலையில நான் போட்டுட்டுத்தானே இருந்தேன்!"

"அத எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேட்டிருக்கலாம்ல?"

ஆஸ்பத்திரி வார்டு என்றும் பாராமல் அவர் குரல் ஏறியது. எனக்கும் ஏறியது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்ப்பது படத்தில் தெரிந்தது. அவர் திட்டிக்கொண்டே பழக்க தோஷத்தில் ஸ்பூனை நீட்டினார். சிட்டு அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தபடி வாயைத் திறந்தாள், வாங்கிக்கொண்டாள், மென்றாள். மறுபடி திறந்தாள். உப்பில்லாத அந்தப் பசையை, கறை இல்லாமல், கதை இல்லாமல், கெஞ்சல் இல்லாமல். நான் அதைப் பார்த்துவிட்டேன். பார்த்ததும் என் பேச்சு நின்றுவிட்டது.

பேச்சு நின்றதும் அவள் வாயும் நின்றது. வாயில் இருந்ததை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "சரி, கறையக் காட்டு" என்றாள்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். இத்தனை மாதம் பார்க்காமல் இருந்தாலும் அந்த முகத்தைப் படிக்க அவருக்கு மறந்துபோகவில்லை. என் இடது தோள் இறங்கியிருப்பதைப் பார்த்தார். பின்னால் தொட்டியைப் பார்த்தார். அவர் கண் ஒரு தரம் மூடித் திறந்தது. பிறகு வேண்டுமென்றே குரலை உயர்த்தினார்.

"பேச்ச மாத்தாத. தொட்டிய விடு. அன்னைக்கு அந்த ஃபிரிட்ஜ் வாங்கும்போதும் நீ இப்படித்தான். நான் சொன்ன கலரு வேணாம்னுட்டு, இப்ப எல்லா அழுக்கும் பளிச்சுனு தெரியுது."

எனக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. அவர் கையில் ஸ்பூன் நீண்டிருப்பது தெரிந்தது. சிட்டுவின் தலை அவர் பக்கம் திரும்பி, என் பக்கம் திரும்பி, என் பதிலுக்குக் காத்திருந்தது.

"நீங்க சொன்ன கலரு?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னும் கத்தினேன். "பச்சைக் கலர்ல யாரு வீட்லயாவது ஃபிரிட்ஜ் இருக்கா? அது லிஃப்ட்டுக் கதவுக்கு அடிக்கிற பெயிண்ட்டு!"

சிட்டு சிரித்தாள். வாயில் ஸ்பூன் போயிற்று.

"உங்க அண்ணன் வந்து கதவத் தொறந்து தொறந்து மூடினாருல்ல, அப்பவே கைப்பிடி போச்சு" என்றேன்.

"எங்க அண்ணன எதுக்கு இழுக்குற? உன் தங்கச்சி என்ன யோக்கியமா? மிக்ஸிய வாங்கிட்டுப் போயி என்ன ஆச்சு?"

அண்ணன் வந்தார், தங்கச்சி வந்தாள், மிக்ஸி வந்தது, வீட்டு ஓனருடன் தண்ணீருக்குப் போட்ட சண்டை வந்தது. கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து எறிந்தோம். கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்க இரண்டு கையும் ஒழியவில்லை. அவருக்கும் வழிந்தது. அதைப் பார்க்காத மாதிரி நான் அவர் சமையலை இழுத்தேன். சிட்டு மென்றுகொண்டே இருந்தாள். கிண்ணத்தின் அடியை ஸ்பூன் சுரண்டுகிற சத்தம் கேட்டது.

"இன்னும் இருக்காப்பா?" என்றாள்.

அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து, போனை அவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்குவது தெரிந்தது.

"எங்க போறீங்க? நான் இன்னும் முடிக்கல" என்று அவர் முதுகைப் பார்த்துக் கத்தினேன்.

"இரு, புள்ளைக்குச் சோறு வாங்கிட்டு வரேன். அப்படியே இரு, வெச்சிடாத."

சிட்டுவும் நானும் மட்டும் இருந்தோம். அவள் போனை மூக்குக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து என்னைப் பார்த்தாள். வாயோரம் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது.

"கறைக்கு என்னம்மா?"

"சாப்பிட்டு முடி கண்ணு. சாயங்காலம் சொல்றேன்."

"நீ மட்டுமா?"

உள்ளங்கையில் அது காய ஆரம்பித்திருந்தது. விரலை மடக்கி மூடிக்கொண்டேன்.

"அப்பாவும் இருப்பாரு. ரெண்டு பேருமா சொல்றோம்."

"ஒரு பாஸ்தானே இருக்கு?"

"அந்த செக்யூரிட்டி அண்ணன் கால்ல விழுறேன்" என்றேன். அதற்குள் அவர் கிண்ணத்தோடு வந்துவிட்டார். சிட்டு வாயைத் திறந்துவைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"ம், சொல்லு" என்றார் அவர். "என் சமையலுக்கு என்ன குறைச்சல்?"